வலப்பக்கம் திரும்பிய பிடிகள்

வேலைக்குச் சேரும் வீட்டில் முதல் நாள் நான் கவனிப்பது பிடிகளைத்தான். அடுப்பின் மேல் இருக்கும் சட்டியின் பிடி எந்தப் பக்கம் பார்க்கிறது, குக்கரின் பிடி எங்கே நிற்கிறது, மேசையில் வைத்த கப்பின் காது யார் பக்கம் திரும்பியிருக்கிறது. வீட்டோடு தங்கி வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையது. கோயம்புத்தூரில் சில வீடுகள், ஓசூரில் ஒன்று, நடுவில் பெங்களூர். அதற்கு முன்னால் செங்கல் சூளை, பனியன் கம்பெனி, கல்யாணச் சமையல் எல்லாம் உண்டு. எங்கேயும் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. பெரியவர் போய்ச் சேர்ந்தால் அடுத்த வீடு. சில வீடுகளில் யாரும் போய்ச் சேராமலே எனக்குக் கால் நிற்காது.

முதல் நாள் பிடிகளைப் பார்த்துவிட்டால் அந்த வீட்டில் யார் சமைப்பார், எந்தக் கையால் எடுப்பார், எங்கே நின்று பழக்கம் என்பது தெரிந்துவிடும். அதன்படியே நானும் வைப்பேன். எதையும் திருப்பிவைக்க மாட்டேன். இவள் வந்த பிறகு சமையலறையில் ஒன்றுமே மாறவில்லை என்று வீட்டுக்காரர்கள் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள்.

என் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் அம்மா இறக்கிவைத்த சட்டியின் பிடி எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்? எனக்குத் தெரியும். வலப்பக்கம்.

விருத்தாசலத்தில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. ஒரே அறை, அதன் மூலையில் அடுப்பு. அப்பா கூட்ஸ் ஷெட்டில் மூட்டை இறக்கும் ஆள். வீட்டில் இருந்த பொருட்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம். பிடியோ அவற்றில் எதற்குமே ஒழுங்காக இல்லை. இரும்பு வாளியின் பிடியில் இருக்க வேண்டிய மர உருளை எப்போதோ கழன்றுபோய், கம்பி கையை அறுக்கும் என்று அம்மா தன் நீலப் புடவையின் கரையைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். டிரங்குப் பெட்டிக்கு ஒரு பக்கம்தான் பிடி, மறுபக்கம் தேங்காய்நார்க் கயிறு. அப்பாவின் குடைப்பிடியில் பல் தடங்கள் இருந்தன. எனக்குப் பல் முளைத்தபோது கடித்ததாம். தெருமுனை அடிபம்புக்கு யாரோ ரயில்வே இரும்புக் குழாயைச் செருகிப் பிடியை நீளமாக்கியிருந்தார்கள். நான் எம்பித் தொங்கினால்தான் அது கீழே வரும்.

அவற்றில் சட்டிதான் எனக்கு முக்கியம். மாசி மகக் கடையில் அம்மா வாங்கிய நீளப் பிடி வைத்த அலுமினியச் சட்டி. அதன் மரப்பிடி கருகி உதிர்ந்தபோது, தண்டவாளத்துப் பக்கம் கிடந்த, ரயிலுக்குக் காட்டும் பச்சைக் கொடியின் உடைந்த கம்பை அப்பா எடுத்துவந்து அறுத்துச் செருகிக் கொடுத்தார். கொடிக்கு ஆணி அடித்த ஓட்டை ஒன்று அந்தக் கம்பில் இருந்தது. அடுப்பு எரியும்போது அந்த ஓட்டையை விரலால் அடைத்துத் திறந்து விளையாடுவேன். அம்மா என் கையைத் தட்டிவிடுவாள்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூலை விட்டுவிட்டேன். யாரும் விடச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் இருந்த அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, உலை வைப்பதையும் கஞ்சி வடிப்பதையும் காட்டிக்கொடுத்தார். ஐந்து மாதம் நான்தான் சமைத்தேன். அப்பா பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போவார். குழைந்தாலும் கருகினாலும் ஒரு வார்த்தை கிடையாது. பகல் முழுக்க வீட்டில் நான் ஒருத்திதான். கூட்ஸ் வண்டிகளின் பெட்டிகளை எண்ணுவேன். பிறகு பாத்திரங்களை அம்மா வைத்த இடத்தில், வைத்த மாதிரியே வைப்பேன். சட்டியின் பிடி வலப்பக்கம். கரண்டிகளின் பிடி வலப்பக்கம். சொம்பில் மாட்டிய மொள்ளும் டம்ளரின் பிடியும் வலப்பக்கம். எல்லாம் சரியாக இருந்தால் அம்மா பம்படிக்குப் போயிருக்கிற மாதிரி இருக்கும்.

ஆறாம் மாதம் அப்பா மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர்ப் பக்கத்து ஊரிலிருந்து வந்தாள் சித்தி. இப்போது சித்தி என்று எழுதுகிறேன். அப்போது நான் அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு இருபது வயதுதான் இருக்கும். மானாவாரிக் காட்டில் வேலை செய்த உடம்பு. பேச்சு கொஞ்சம். என்னைப் பாப்பா என்றாள்.

வந்த முதல் வாரத்திலேயே என்னைத் திரும்பவும் ஸ்கூலில் சேர்த்துவிட்டாள். அப்பாவிடம் அவள் கேட்ட முதல் விஷயம் அதுதானாம். அடுப்பங்கரையிலிருந்து என்னைத் துரத்துவதற்கு அவள் கண்டுபிடித்த வழி அது என்று நான் நினைத்தேன்.

ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால் சட்டியின் பிடி இடப்பக்கம் திரும்பியிருக்கும். கரண்டிகள் இடப்பக்கம். டம்ளர் இடப்பக்கம். வாளியைக்கூட வாசற்படிக்கு அந்தப் பக்கம் வைத்திருப்பாள். அம்மா வைத்ததையெல்லாம் ஒன்று விடாமல் மாற்றுகிறாள் என்று எனக்குப் பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. எல்லாவற்றையும் திருப்பிவைத்தேன். மறுநாள் மறுபடி இடப்பக்கம். நானும் மறுபடி திருப்பினேன். அவளும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்பா நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எங்கள் ஊரில் பீங்கான் சாமான் செய்யும் யூனிட்டுகள் நிறைய. அதில் ஒன்றில் சித்திக்கு வேலை கிடைத்தது. கப்புக்குப் பிடி ஒட்டுகிற வேலை. பிடியை அங்கே காது என்பார்கள். கப்பு ஒரு அச்சில் வரும், காது வேறு அச்சில் வரும். காதின் இரண்டு நுனிகளையும் களிமண் கூழில் தொட்டு, ஈரம் காயாத கப்பில் வைத்து அழுத்தி, பஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்க வேண்டும். பிறகுதான் சூளை. சூளையில் காது விழுந்த கப்புகளும் கப்பில்லாத காதுகளும் கொல்லைப்பக்கம் குவியலாகக் கிடக்கும். ஸ்கூல் இல்லாத நாட்களில் நான் அந்தக் குவியல் மேல் உட்கார்ந்து விரலுக்கு ஒரு காது மாட்டிக்கொண்டிருப்பேன். பத்து விரலிலும் மாட்டிய பிறகு கையால் ஒன்றும் செய்ய முடியாது. சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஒரு சனிக்கிழமை அப்பாவுக்கு வீட்டுச் சாவி வேண்டியிருந்தது. வாங்கிவர என்னை அனுப்பினார். காது ஒட்டும் பெண்கள் நீளப் பலகைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருத்தி, "ஏண்டி, உன் மூத்தா மவ வந்துருக்குது பாரு. சூளை வாயாட்டம் மொறைக்குது" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகுதான் அவள் கையைப் பார்த்தேன். மற்றவர்கள் இடக்கையில் கப்பைப் பிடித்து வலக்கையால் காது ஒட்டினார்கள். அவள் வலக்கையில் கப்பைப் பிடித்து இடக்கையால் ஒட்டினாள். மற்றவர்கள் ஒரு காது வைப்பதற்குள் இவள் இரண்டு வைத்தாள். வீட்டில் நான் திருப்பிவைத்த கரண்டியை எடுக்கும்போது நழுவவிட்டு அத்தையிடம் திட்டு வாங்குகிறவளா இவள் என்று இருந்தது. பக்கத்தில் நின்ற மேஸ்திரி என்னிடம், "உங்க சித்தி பீச்சாங்கைக்காரி. எந்தக் கையா இருந்தா என்னா, சூளையில அது வெச்ச காது வுழுறதில்ல" என்றார்.

சித்தி என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். காதுகளின் மேல் ஈரச் சாக்கு மூடியிருந்தது. ஏன் என்று கேட்காமலே சொன்னாள்.

"காதும் கப்பும் ஒரே ஈரத்துல இருக்கணும் பாப்பா. காது முன்னாடியே காஞ்சிருந்தா இப்ப ஒட்டுனாப்பல இருக்கும். சூளையில வுட்டுடும்."

இன்னொன்றும் காட்டினாள். காதை அழுத்தும்போது மேல்வளைவில் பெருவிரல் தடம் ஒன்று லேசாக விழும். மற்றவர்கள் தடம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அவளுடையது எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். பூச்சு போட்டுச் சுட்டு எடுத்த பிறகும் தடவிப் பார்த்தால் தெரியுமாம். எந்த ஊர் டீக்கடையில் பார்த்தாலும் தன் கப்பைக் கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடித்துவிடுவேன் என்றாள்.

சாவியை வாங்கிக்கொண்டு வந்தேன். அவள் ஏன் சட்டியை இடப்பக்கம் வைக்கிறாள் என்று அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணுக்குப் புரியாமல் போகிற அளவு அது பெரிய விஷயம் இல்லை. ஆனால் என் மனசு வேறு கணக்குப் போட்டது. நேராக அத்தையிடம் போய், அவங்க எல்லா வேலையும் பீச்சாங்கையால செய்யறாங்க என்று சொன்னேன்.

அத்தை பொல்லாதவர் இல்லை. அம்மா படுத்திருந்தபோது மலம் எடுத்துப் போட்டவர் அவர்தான். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவருக்கு அசைக்க முடியாத பயம் இருந்தது. அன்று சாயங்காலம் சித்தியை வாசலில் நிற்க வைத்துச் சொன்னார். "கம்பெனியில எந்தக் கையால வேணும்னாலும் செஞ்சுக்க. வூட்டுல அடுப்புக்கிட்ட அந்தக் கை வரக் கூடாது. அதால சோறு பொங்கிப் போட்டா வூடு வெளங்குமா? ஒருத்தி போயி இன்னும் வருசம் திரும்பல." சித்தி, சரிங்க என்றாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா குடையை விரித்து, மடக்கி, விரித்து ஏதோ சரிசெய்துகொண்டிருந்தார்.

அதிலிருந்து அத்தை கண்ணில் படும்போது வலக்கை. கரண்டி நழுவும், குழம்பு தரையில் சொட்டும், இவளுக்குப் பொறுப்பே இல்லை என்று அத்தை அப்பாவிடம் சொல்வார். தனியாக இருக்கும்போது இடக்கைதான். நான் வந்து பார்க்கும்போது பிடிகள் அதே மாதிரி இடப்பக்கம் பார்த்திருந்தன. நானும் திருப்பிக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த நாட்களில் சித்தி ஒரு கப்பு கொண்டுவந்தாள். விளிம்பில் கடுகளவு புள்ளி விழுந்ததால் கழித்துப்போட்டது. வெள்ளைக் கப்பு. இது உனுக்கு, நான் வச்ச காது என்றாள். நான் வாங்கவில்லை. டம்ளரில்தான் டீ குடிப்பேன் என்று சொல்லிவிட்டேன். அதைக் கூரை எரவாணத்தில் செருகிவைத்தாள்.

ஒரு காலை. அப்பா வேலைக்குப் போய்விட்டார். சட்டியில் உலைத்தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. சித்தி அரிசி களைய வாசலுக்குப் போனாள். சட்டியின் பிடி இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஸ்கூலுக்குக் கிளம்பி நின்றவள், போகும் வழியில் பாவாடை நுனியால் அந்தக் கொடிக்கம்பைப் பிடித்து வலப்பக்கம் திருப்பினேன். துணி வழியாகச் சூடு ஏறியது. ஆணி ஓட்டை மேலே வந்து நின்றது. திருப்பிவிட்டுப் பையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சித்தி களைந்த அரிசியோடு உள்ளே வந்தாள். யாரோ வாசலில் கேட்டதற்குப் பின்னால் திரும்பிப் பதில் சொல்லிக்கொண்டே குனிந்தாள். கண் வாசலில் இருந்தது. இடக்கை மட்டும், தான் வைத்த இடத்தில் பிடி இருக்கும் என்று போனது. அங்கே பிடி இல்லை. கை சட்டியின் வயிற்றில் மோதியது. சட்டி சாய்ந்து கொதிக்கிற தண்ணீர் முழுக்க அந்தக் கை மேல் கொட்டியது.

அவள் கத்தவில்லை. "தள்ளிப் போ பாப்பா" என்றாள். முதலில் சொன்னது அதுதான். நான் தள்ளித்தான் நின்றிருந்தேன்.

அத்தை ஓடிவந்தார். எப்படி ஆச்சு என்றார். நாந்தான் பாக்காம எடுத்துட்டேன் என்றாள் சித்தி. எந்தக் கை என்று அத்தை பார்த்தார். பார்த்துவிட்டு, "நான் சொன்னேன்ல" என்றார் மெல்ல. கோபமாக இல்லை. தான் பயந்தது நடந்துவிட்டது என்பதுபோல. பிறகு தன் முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அந்தக் கையைச் சுற்றினார். அப்பாவிடமும் ஆஸ்பத்திரியிலும் கம்பெனியிலும் சித்தி அதே வாக்கியத்தைத்தான் சொன்னாள். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு நாளும் என்னை யாரும் கேட்கவும் இல்லை.

புண் ஆறியது. ஆனால் பெருவிரலும் அடுத்த விரலும் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு ஒட்டிய மாதிரி நின்றுவிட்டன. மேஸ்திரி நல்ல மனுஷர். வலக்கையால் ஒட்டிப்பார் என்று மூன்று வாரம் விட்டுப்பார்த்தார். அவள் ஒட்டிய பலகை சூளைக்குப் போய்த் திரும்பியபோது நான் கொல்லைக் குவியல் பக்கம் இருந்தேன். கொண்டுவந்து கொட்டினார்கள். எல்லாம் காதில்லாத கப்புகளும் விழுந்த காதுகளும். ஒரு காதை எடுத்துத் தடவிப் பார்த்தேன். தடமே இல்லை. அழுத்தப் பயந்திருக்கிறாள். மறுநாளிலிருந்து அவளுக்கு மண் சுமக்கும் வேலை. காது ஒட்டும் பலகைக்கு அவள் அதன் பிறகு போகவில்லை. அங்கே மட்டும்தான் அவள் சிரிப்பாள் என்பது எனக்குத் தெரியும்.

வீட்டில் எல்லாப் பிடியும் வலப்பக்கம் வந்துவிட்டது. ஸ்கூல் விட்டு வந்து பார்ப்பேன். சட்டி, கரண்டி, டம்ளர், எல்லாம் அம்மா வைத்த மாதிரி. திருப்புவதற்கு ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு தனிமையை அம்மா இறந்தபோதுகூட நான் பார்க்கவில்லை. அம்மா இறந்த பிறகு எனக்குத் தினமும் ஒரு வேலை இருந்தது. முதலில் வைப்பது, பிறகு திருப்புவது. இப்போது அதுவும் போய்விட்டது.

பதினான்கு வயதில் கூலிவேலைக்குப் போகும் ஒரு கூட்டத்தோடு ஜங்ஷனில் ரயில் ஏறினேன். அதற்கு முன்னால் எத்தனையோ நாள் அவளிடம் சொல்ல வாயெடுத்திருக்கிறேன். வலக்கையால் தடுமாறிக்கொண்டு எனக்குச் சோறு போடுவாள். பார்த்ததும் வாய் மூடிக்கொள்ளும். அப்பா செத்ததற்கு வந்தேன், அத்தை செத்ததற்கு வந்தேன். காரியம் முடிந்ததும் கிளம்பிவிட்டேன். அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்த ஜங்ஷன் வழியாகப் போயிருக்கிறேன் என்று கணக்கில்லை. வண்டி நின்றால் பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வேன்.

போன தை மாதம் ஒரு வீட்டில் வேலை முடிந்து அடுத்த வீடு அமையவில்லை. சும்மா வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். விருத்தாசலம் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டேன். காரணம் சொல்லத் தெரியவில்லை.

வீடு அதே இடத்தில், ஓட்டுக்குப் பதில் சிமெண்ட் ஷீட்டோடு இருந்தது. சித்திக்கு எழுபது தாண்டிவிட்டது. வாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாப்பாவா?" என்றாள். ஆமாம் என்றேன். "வண்டி லேட்டா?" என்றாள், நேற்று வரச் சொல்லி நான் இன்று வந்த மாதிரி.

உள்ளே போனேன். பழக்கதோஷம், முதலில் அடுப்புப் பக்கம்தான் பார்த்தேன். காஸ் அடுப்பு. அதன் மேல் அந்த அலுமினியச் சட்டி இல்லை, வேறு ஏதோ சட்டி. அதன் பிடி வலப்பக்கம். தாளிக்கும் கரண்டி வலப்பக்கம். பிளாஸ்டிக் மக்கின் பிடி வலப்பக்கம். பல வருஷமாக அந்த வீட்டில் அவளைத் தவிர ஒருவரும் இல்லை.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் எதிரில் போய் உட்கார்ந்தேன். இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டால் இனிமேல் திறக்காது என்று தெரிந்தது.

"அன்னிக்கு சட்டியத் திருப்பினது நாந்தான் சித்தி" என்றேன்.

என்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. காம்பைக் கிள்ளிப் போட்டாள்.

"இல்ல பாப்பா. அன்னிக்கு நாந்தான் வலப்பக்கம் வச்சேன். தெனம் வந்து திருப்புறியே, நாமளே வச்சுட்டுப் போவோம்னு வச்சேன். கைதான் மறந்துடுச்சு."

பாவாடை நுனியைப் பற்றிச் சொன்னேன். துணி வழியாக ஏறிய சூட்டைச் சொன்னேன். ஆணி ஓட்டை மேலே வந்து நின்றதைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டாள்.

"அது வேற நாளு" என்றாள். "நீ சின்னப் புள்ள. உனுக்கு என்னா தெரியும்."

வேறு நாள் இல்லை. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆனால் அத்தையிடம் அந்தக் காலையில் சொன்ன வார்த்தையை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை. அதற்கு மேல் அவளோடு வாதாட எனக்கும் தெம்பில்லை. நான் ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்ததை இறக்கிவைக்க வந்தேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

எழுந்து டீ போடப் போனாள். பின்னாலேயே போய், சட்டியின் பிடியை நான் இடப்பக்கம் திருப்பினேன். அவள் பார்த்துவிட்டு வலப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிறகு தன் இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். இரண்டு விரலும் இன்னும் அப்படியே மடங்கி ஒட்டிக்கொண்டுதான் இருந்தன. அதால் இனிப் பிடிக்க முடியாது. நான் திருப்பியது அவளுக்கு எந்த விதத்திலும் உதவாது.

டீயை வடிகட்டி எனக்கு ஒரு வெள்ளைக் கப்பில் கொண்டுவந்து வைத்தாள். விளிம்பில் கடுகளவு புள்ளி. குனிந்து காதைத் தடவினேன். மேல்வளைவில் பெருவிரல் தடம், மற்றவர்கள் சாய்க்காத பக்கம் சாய்ந்து. என் வலது பெருவிரல் அதில் பொருந்தவில்லை. இடது பெருவிரலை வைத்தேன், சரியாக உட்கார்ந்தது. அந்தக் கையாலேயே தூக்கினேன். பழக்கமில்லாத கை, கப்பு சாய்ந்து டீ கொஞ்சம் மடியில் சிந்தியது.

சித்தி என் கையிலிருந்து கப்பை வாங்கிக் கீழே வைத்தாள்.

"வலக்கையால எடு பாப்பா. சூடு" என்று சொல்லி, காதை என் வலப்பக்கமாகத் திருப்பிவைத்தாள்.